புதுக் குழாய்தானே, இன்னும் 30 வருஷத்துக்குப் பயமில்லையா?

பெரம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி, 2 பிப்ரவரி 2025

எங்கள் அடுக்ககத்தில் பைப் கேஸ் எடுக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு. செயலாளர் சொல்கிறார்: "வெளிநாட்டில் வெடிப்பதெல்லாம் 50, 60 வருஷத்துப் பழைய குழாய். இங்கே போடுவது புது பிளாஸ்டிக் குழாய். நம் காலத்துக்குப் பிரச்சினையே வராது." இது சரியா?

2 பிப்ரவரி, இரவு

பாதி சரி. பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் புதுசு என்றால் பத்திரம், பழசு என்றால் ஆபத்து என்கிற கணக்கு நான் பார்த்த வேலையோடு ஒத்துப்போகவில்லை. மேற்கே ஒரு நகரத்தில் சிட்டி கேஸ் நிறுவனத்தின் ஓ அண்ட் எம் பிரிவில், அதாவது பராமரிப்பில், இருந்தவன் நான். எங்களை நடு ராத்திரியில் எழுப்பியது பெரும்பாலும் போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத குழாய்தான். மீதி நாளைக்கு.

3 பிப்ரவரி

முதலில் சிலிண்டரா பைப்பா என்பதை முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே போகும், ஜன்னல் திறந்திருந்தால் வெளியேறிவிடும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால்தான் பற்றும். எல்.பி.ஜி.க்கு 2 சதவீதமே போதும். வீட்டுக்குள் வரும் அழுத்தம் 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டருக்குப் பிறகு வருவது ஏறக்குறைய 30. அப்புறம், 14.2 கிலோ திரவத்தைச் சமையலறையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவும் பைப்புக்கு ஆதரவு. எதிராக ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: சிலிண்டர் தீர்ந்துபோகும், பைப் தீராது. கசிவு நிற்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வந்து ஒரு வால்வை மூட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் மொத்தச் சிக்கலும் இங்கேதான்.

4 பிப்ரவரி

நடந்ததைச் சொல்கிறேன். ஊர், நிறுவனம் பெயர் வேண்டாம்.

மழைக்கு முன்னால் வடிகால் வேலை. பொக்லைன் பல் பட்டு எங்கள் குழாய் கிழிந்துவிட்டது. தெருவுக்குள் போகிற எம்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் குழாயில் அழுத்தம் 4 பார் வரை, அதாவது 4,000 மில்லிபார் வரை, இருக்கும், சத்தமே ஆளை நடுங்க வைக்கும். நாங்கள் போய் வரைபடத்தை விரித்தால் குழாய் சாலையின் வடக்கு ஓரம் என்று இருக்கிறது. கண்ணெதிரே தெற்கு ஓரத்தில் காற்றாய்க் கொட்டுகிறது. வால்வு சேம்பரும் படத்தில் உள்ள இடத்தில் இல்லை. கடைசியில் பக்கத்துப் பான் கடைக்காரர் கை நீட்டினார்: அந்த ஸ்கூட்டர் நிற்கிறதே, அதற்குக் கீழே, போன மாதம்தான் மேலே புதுக் கல் பதித்தார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. வடக்கு ஓரத்தில் தோண்டியபோது பழைய குடிநீர்க் குழாய் குறுக்கே வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் தெற்கே மாற்றிப் போட்டிருக்கிறார், அதில் தப்பில்லை, வேலை நடக்க வேண்டுமே. ஆனால் போட்டபின் கொடுக்க வேண்டிய படத்துக்குப் பதில், போடும் முன் வரைந்த படத்தையே தேதி மாற்றிக் கொடுத்துவிட்டார். பில் பாஸ் ஆகிவிட்டது. ஒரு மீட்டர் ஆழம் இருந்தது, மேலே எச்சரிக்கை விரிப்பு இருந்தது, அழுத்தச் சோதனையும் தேறியிருந்தது. காகிதம் மட்டும் தப்பு.

4 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

"இதெல்லாம் நம்ம ஊர்க் கதை, அமெரிக்காவில் இப்படி இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செயலாளர் சொன்ன 'பழைய குழாய்'களில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

கலிபோர்னியாவில் சான் புரூனோ. 2010 செப்டம்பர் 9 மாலை, பி.ஜி. அண்ட் இ. என்ற எரிவாயு, மின்சார நிறுவனத்தின் 30 அங்குல எஃகுக் குழாய் குடியிருப்புக்கு நடுவே வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் எரிந்துபோயின. எரிவாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. குழாய் போட்டது 1956-இல். செய்தித்தாள் வாசிப்பவருக்கு இது 54 வயதுக் குழாய் வெடித்த கதை.

ஆனால் என்.டி.எஸ்.பி., அதாவது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கொடுத்த விசாரணை அறிக்கை சொல்வது வேறு. அந்தத் துண்டை 1956-இல் இடம் மாற்றிப் போட்டதே அங்கே புது வீடுகள் கட்ட நிலத்தைச் சமன் செய்தார்கள் என்பதால்தான். அப்போது சில குட்டைத் துண்டுகளை ஒட்டவைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றின் நீளவாட்டுப் பற்றவைப்பு உள்பக்கம் முழுசாகச் சேரவே இல்லை. அன்றைக்குக் கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆக அது புதுக் குழாயாக இருந்தபோதே கெட்ட குழாய்.

ஆவணத்தில் அது 'தையல் இல்லாத குழாய்' என்று பதிவாகியிருந்தது. 30 அங்குல அளவில் தையல் இல்லாத குழாயை அந்தக் காலத்தில் அமெரிக்காவில் யாரும் செய்யவே இல்லை! அரை நூற்றாண்டாக அந்த வரியைப் படித்த எவருக்கும் உறுத்தவில்லை. பற்றவைப்பே இல்லாத குழாய்க்குப் பற்றவைப்புச் சோதனை எதற்கு? அதனால் செய்யவில்லை. 2015-இல் கலிபோர்னியா ஒழுங்குமுறை ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் போட்டது.

5 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்குத் தனியாக: நான் எடுக்காதே என்று சொல்லவில்லை. என் வீட்டில் பைப் கேஸ்தான்.

6 பிப்ரவரி

வளர்ச்சி பற்றி ஒரு சிரிப்பு. மார்ச் மாதம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் 'கனெக்‌ஷன்' என்ற சொல்லுக்கு மூன்று எண்ணிக்கை இருக்கும். மார்க்கெட்டிங் பிரிவுக்கு விண்ணப்பம் வாங்கினால் கனெக்‌ஷன். புராஜெக்ட் பிரிவுக்கு மீட்டர் மாட்டினால் கனெக்‌ஷன். எங்களுக்கு அடுப்பு எரிந்தால்தான் கனெக்‌ஷன். மூன்றில் எது பெரிசோ அது மேலே போகும். மீட்டர் மாட்டி, கேஸ் விடாமல், வீட்டுக்காரர் துபாயில் இருக்க, குழாய் மட்டும் சுவரில் தொங்கும் வீடுகள் ஒரு தனிக் கிராமம் அளவுக்கு இருந்தன.

பராமரிப்புக்கு அப்படி எண்ணிக்கை கிடையாது. நடக்காத விபத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

7 பிப்ரவரி

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டிருக்கிறார்கள். பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் மாவட்டங்களைச் சேர்த்துப் பகுதி பகுதியாக ஏலம் விடுகிறது. 2018-இல் நடந்த 9-வது சுற்றில் 86 பகுதிகள். சென்னை, திருவள்ளூர் பகுதி போனதும் அந்தச் சுற்றில்தான். அதில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண்ணில் பாதி, எட்டு ஆண்டில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுப்பேன் என்று சொல்லும் எண்ணிக்கைக்கு. இன்னொரு 20 சதவீதம் வண்டிகளுக்கு சி.என்.ஜி. நிரப்பும் நிலையங்களின் எண்ணிக்கைக்கு. சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டம் உண்டு. வரைபடத்தை எவ்வளவு சரியாக வைத்திருப்பாய் என்பதற்கு மதிப்பெண் இல்லை. பாதுகாப்பு விதிகள் தனியாக இருக்கின்றன, நல்ல விதிகள்தான், தணிக்கையும் உண்டு. ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது எண்ணிக்கை.

எண்ணிக்கையை விரட்டும்போது எது கழன்றுபோகும் என்றும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாயை மின்சாரச் சூட்டில் இணைக்கிறார்கள், ஃப்யூஷன் என்பார்கள். மேல்தோலைச் சுரண்ட வேண்டும், துடைக்க வேண்டும், ஆடாமல் கவ்வியில் பிடிக்க வேண்டும், சூடு ஆறும்வரை தொடக்கூடாது. அந்த ஆறும் நேரத்தில்தான் ஒப்பந்தக்காரருக்குப் பொறுமை போகும். அடுத்த இணைப்பு காத்திருக்கிறது, கூலி இணைப்புக் கணக்கில். அரைகுறையாக ஆறியதும் சோதனையில் தேறிவிடும். இரண்டு மழைக்குப் பிறகு மண் இறங்கும்போதுதான் விட்டுக்கொடுக்கும். அதற்குள் போட்டவர் வேறு மாநிலத்தில் இருப்பார்.

8 பிப்ரவரி

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் வளர்ச்சியே வில்லன் என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை. வீடுகள் சேராத வலையமைப்பில் பராமரிப்புக்குப் பணமே வராது. குழாய் போட்டுவிட்டு, எரிப்பவர் இல்லாமல் கிடந்த ஒரு பகுதியில் லைன் நடந்து பார்க்க ஆள் போடுவதையே நிறுத்திவிட்டார்கள், செலவு கட்டவில்லை என்று. தெருவில் நிறைய வீடு இணைந்திருந்தால் பொக்லைன் வந்ததும் யாராவது போன் செய்வார்கள், ஏனென்றால் சாப்பாடு நின்றுபோகும். அது சம்பளம் வாங்காத ரோந்து. ஆகவே வேகம்தான் என் குறை என்று மாற்றிக்கொள்கிறேன். அதிலும் காகிதம் பின்தங்கிவிடும் வேகம்.

10 பிப்ரவரி

"அப்படியானால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது நல்லதுதானே" என்று கேட்டவருக்கு மெரிமாக் பள்ளத்தாக்கைச் சொல்லாமல் முடியாது. இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், லாரன்ஸ், ஆண்டோவர், நார்த் ஆண்டோவர் என்று மூன்று ஊர்கள். கொலம்பியா கேஸ் என்ற நிறுவனம் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காகச் செய்த வேலை, எவரும் குறை சொல்ல முடியாத வேலை. அந்த ஊர்களில் தெருக் குழாயிலேயே குறைந்த அழுத்தம், அரை பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 35 மில்லிபார். வீட்டுக்கு வீடு ரெகுலேட்டர் கிடையாது. ஊருக்கு நடுவே இருக்கும் ரெகுலேட்டர் நிலையம்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

ரெகுலேட்டருக்கு எப்படித் தெரியும் அழுத்தம் எவ்வளவு என்று? தெருக் குழாயிலிருந்து ஒரு சின்ன உணர்குழாய் வரும். அழுத்தம் குறைகிறது என்று அது காட்டினால் ரெகுலேட்டர் இன்னும் திறக்கும்.

2018 செப்டம்பர் 13. வேலை ஆட்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாயைத் துண்டித்தார்கள். உணர்குழாய் இன்னும் அந்தப் பழைய குழாயில்தான் இருந்தது, புதுசுக்கு மாற்றவில்லை. பழைய குழாயில் அழுத்தம் இறங்க இறங்க, ரெகுலேட்டர் 'போதவில்லை, போதவில்லை' என்று முழுசாகத் திறந்துகொண்டது. அரை பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 6 பி.எஸ்.ஐ. அடுப்பில், கொதிகலனில், பைலட் சுடர், அதாவது எப்போதும் எரியும் சின்னச் சுடர், இருந்த எல்லா இடத்திலும் தீ. 131 கட்டடங்கள் சேதம். 18 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 20 பேருக்கு மேல் காயம். ஓஹியோவில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. ஆனால் அங்கிருந்து வால்வை மூட வழியில்லை, போன்தான் செய்ய முடிந்தது.

இதைப் பற்றிய என்.டி.எஸ்.பி. அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத இடம் இது இல்லை. வேறு இரண்டு.

ஒன்று, வேலைத் திட்டம் பல கைகளுக்குப் போய்க் கையெழுத்தாகி வந்தது. ரெகுலேட்டரைக் கவனிக்கும் பிரிவின் கைக்கு மட்டும் போகவில்லை. உணர்குழாய் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு, முன்பு ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. இந்த மாதிரி வேலை நடக்கும்போது ஒரு டெக்னீஷியன் ரெகுலேட்டர் நிலையத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏறினால் கையால் மூடுவார். சில வருஷம் முன்பு அந்த வழக்கம் நின்றுபோனது. ஏன் நிறுத்தினார்கள் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் என்று யாருக்காவது தோன்றியிருக்கும். எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார், டி.ஆர்.எஸ். என்ற அழுத்தம் குறைக்கும் நிலையத்து வாசலில் ஸ்டூல் போட்டு. அவருக்கு என்ன வேலை என்று புதிதாக வந்த மேலாளர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை.

10 பிப்ரவரி, இரவு

அந்த ஸ்டூல் பெரியவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்கிறார்கள். இல்லை, எடுக்கவில்லை. ஓய்வு பெற்றுத்தான் போனார். ஸ்டூல் இன்னும் இருக்கும்.

11 பிப்ரவரி

மெரிமாக் மாதிரி நம் ஊரில் நடக்குமா என்று பயந்து கேட்டவர்களுக்கு: அதே வடிவத்தில் நடப்பது கஷ்டம். இங்கே தெருவில் 4 பார், கட்டட வாசலில் ஒரு ரெகுலேட்டர், மீட்டர் பக்கத்தில் இன்னொன்று என்று படிப்படியாக இறக்குகிறார்கள். ஒன்று கெட்டாலும் ஊரே எரியாது. அந்தந்த வீட்டு ரெகுலேட்டரைச் சோதிக்க ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். வந்தால் நாம் கதவைத் திறப்பதில்லை, அது வேறு விஷயம். "இன்றிரவு உங்கள் கேஸ் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மோசடிக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்ததிலிருந்து உண்மையான ஆளையும் திருடன் மாதிரிதான் பார்க்கிறார்கள். சோதிக்க வருபவரைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டுக்காரர்களையும் முடியாது.

13 பிப்ரவரி

சமையலறை. இதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மாடுலர் கிச்சன் போடும்போது மஞ்சள் குழாய் அசிங்கமாக இருக்கிறது என்று தச்சரை விட்டுப் பலகைக்குள் மறைப்பார்கள். மீத்தேன் மேலே போய்த் தப்பித்துவிடும் என்று 3-ஆம் தேதி எழுதினேன் அல்லவா, அது திறந்த இடத்துக்கு. பலகைப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? மீட்டர் இருக்கும் சர்வீஸ் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைப்பதும் அதே ரகம். இன்னொன்று, ஏ.சி. தண்ணீர் ரைசர் மேல், அதாவது சுவரில் மேலே ஏறும் குழாய் மேல், சொட்டுவது. கவ்வி பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கும், பெயின்ட்டுக்கு அடியில் துரு ஓடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றும் சேரும். செயலாளர் சொன்ன துருப்பிடிக்காத பிளாஸ்டிக் மண்ணுக்குள் மட்டும்தான், சுவரில் ஏறுவது ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்.

சிலிண்டர் அடுப்பையே மாட்டுவதாக இருந்தால் ஜெட்டை, அதாவது பர்னருக்கு வாயு விடும் சின்னத் துளை உள்ள பாகத்தை, மாற்றித்தான் ஆக வேண்டும். பைப் கேஸுக்குத் துளை பெரிசு. பழைய ஜெட்டை வைத்துக்கொண்டு "சுடர் வரவே இல்லை, கம்பெனி ஏமாற்றுகிறது" என்பவர்கள் உண்டு.

15 பிப்ரவரி

"வாசனைதான் இருக்கிறதே, கசிந்தால் தெரியாதா?"

இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18, டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளி. எண்ணெய் வயல் பணத்தில் கட்டிய பெரிய பள்ளி. செலவு மிச்சம் என்று கேஸ் நிறுவனத்தை விட்டுவிட்டு, எண்ணெய் வயலில் மிஞ்சி வீணாகும் வாயுக் குழாயில் இணைத்துக்கொண்டார்கள். தரைக்கு அடியில் கசிந்து நிறைந்தது எவருக்கும் தெரியவில்லை. ஒரு தேய்ப்பு எந்திரத்தின் பொறியில் வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் வாசனைப் பொருள் கட்டாயம் என்ற சட்டம் டெக்சாஸில் வந்து, மற்ற இடங்களுக்கும் பரவியது. பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு.

ஆனால் புதிதாகக் கேஸ் விட்ட எஃகுக் குழாயின் சுவர் அந்த வாசனைப் பொருளைக் கொஞ்ச நாள் உறிஞ்சிக்கொள்ளும். மண் வழியாகக் கசிந்து வந்தால் மண்ணும் உறிஞ்சும். ஆக வலையமைப்பு வளர்ந்துகொண்டிருக்கும் ஊரில்தான் வாசனையை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. கருவி வைத்து நடக்கும் ஆள் வேண்டும்.

15 பிப்ரவரி, பின்னர்

'நகரம்' என்ற பெயருள்ள ஊரில் நடந்த வெடிப்பை ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆமாம், 2014 ஜூன் 27, ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம், கெயில் என்ற அரசு எரிவாயு நிறுவனத்தின் குழாய். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரத்தோடு வாயுவை விட்டதால் உள்ளே அரித்தது என்று விசாரணையில் வந்தது. அது வீட்டுக் கேஸ் இல்லை, பெரிய குழாய். இருந்தாலும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்: ஈரத்தை நீக்கும் கருவி பிறகு வரும், இப்போதைக்கு ஓட்டுவோம் என்று தொடங்கி அப்படியே நிலைத்துவிட்ட ஏற்பாடு.

18 பிப்ரவரி

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்கிறார் கேள்வி கேட்டவர். நிறுவனத்து ஆள் வந்தால் என்ன கேட்பது? விலையை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இதைக் கேளுங்கள்: குழாய் போட்டபின் எடுத்த படம், அளவோடு, சங்கத்துக்கு ஒரு பிரதி தருவீர்களா? ரைசர் அடி வால்வை எங்கள் காவலாளி மூடலாமா, அவருக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அவசர எண்ணை எடுப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? கடைசிக் கேள்விக்கு ஆள் சிரித்தால் நல்ல அறிகுறி, களத்தில் இருந்தவர் என்று அர்த்தம்.

19 பிப்ரவரி

ஒன்று விட்டுப்போனது. சாலையைத் தோண்டாமல் அடியில் துளைபோட்டுக் குழாயை இழுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் துளை சில சமயம் கழிவுநீர்க் குழாயை ஊடுருவிப் போய்விடும், மேலே யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் சும்மா இருக்கும். ஒரு நாள் அடைப்பு எடுக்கிற எந்திரம் உள்ளே போய் கேஸ் குழாயை அறுக்கும், வாயு நேராக வீட்டுக் கழிவறைக்கு வரும். அமெரிக்காவில் கெனோஷா என்ற ஊரில் 1976-லேயே இப்படி வெடித்திருக்கிறது. உங்கள் தெருவில் துளைபோட்டுத்தான் இழுத்தார்கள் என்றால், கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதுவரை அடைப்பு எடுக்க வருபவரிடம், இந்த இடத்தில் கேஸ் போகிறது, எந்திரம் விடும் முன் கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவைப்பது செயலாளர் வேலை.